ஈயம் இளகும் பதம்

மடிக்கணினியின் வயிற்றைத் திறந்ததும் ஜிலாலி முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். மதர்போர்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கு அதில் முட்டுகிற அளவுக்குக் குனிவார்.

"ம்... இது சமையல்கட்டுல கிடந்த மெஷின். மத்தி வறுத்திருக்காங்க."

"இல்ல மேஸ்திரி, நான் வக்கீல். இது என் ஆபீஸ்லதான் இருக்கு" என்பார் கொண்டுவந்தவர்.

"அப்போ உங்க ஆபீஸ்ல யாரோ மத்தி வறுக்கிறாங்க. போய் விசாரிங்க."

முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கும். அதை ஒருமுறைகூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. துறைமுகத்து ஆசாமியின் கணினி என்று சொன்னது பல் டாக்டருடையது என்று தெரிந்தால், அந்த டாக்டர் ரகசியமாக மீன் பிடிக்கிறார் என்றுதான் முடிவு கட்டுவார்.

காஸாபிளாங்காவின் தர்ப் கல்லஃப் சந்தையில் எங்கள் சந்து, பழைய டிவிக்காரர்களைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால் வரும். தலைக்கு மேல் தகரக் கூரை. கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடும் அகலத்தில் கடைகள். கீபோர்டுகளில் அரபு எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் என்னுடைய கடை நடுவில். வலப்பக்கம் ஜிலாலி. எதிரே, இரண்டு எட்டு தள்ளி, பழைய மடிக்கணினி விற்கும் பதூல்.

ஜிலாலிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆகஸ்ட் வெயிலிலும் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். குல்லாவுக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடிப் பட்டை, அதற்குக் கீழே படிக்கிற கண்ணாடி. இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வயிறு மேசையைத் தொடும் என்பதால் மேசையின் விளிம்பை அரைவட்டமாக அறுத்து வைத்திருக்கிறார். தேநீர் குடிக்கும்போது புதினா இலையைக் கோப்பையிலிருந்து எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "ஈயப் புகைக்கு நல்லது" என்பார்.

அவருடைய தொழில், கழற்றவே முடியாது என்று மற்றவர்கள் சொல்வதைக் கழற்றுவது. முன்பெல்லாம் மடிக்கணினியின் பிராசஸர் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். கொக்கியை நெம்பினால் வந்துவிடும். இப்போது வருபவற்றில் அதை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். அடியில் கடுகைவிடச் சிறிய ஈய உருண்டைகள் ஆயிரத்துக்கும் மேல். மெதுவான பிராசஸர் உள்ள கணினியை வாங்கிவிட்டால் அதன் ஆயுள் முழுக்க மெதுவாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஜிலாலி அதைத் தன்னை நேருக்கு நேர் ஏசியதாகவே எடுத்துக்கொள்வார்.

"ஒட்டினவன் மனுஷன்தானே? சூடு பண்ணித்தானே ஒட்டினான்? அதே சூட்டுல நான் கழட்டுறேன்."

"மனுஷன் ஒட்டலை மேஸ்திரி, மெஷின் ஒட்டுது" என்று ஒருமுறை நான் வாயைக் கொடுத்தேன்.

"அந்த மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டவன் உங்க சித்தப்பாவா? மனுஷன்தானே!"

அவரிடம் வெப்பக் காற்று ஊதும் கருவி இருக்கிறது. எத்தனை டிகிரி என்று அதிலேயே எண் ஓடும். அதை அவர் நம்ப மாட்டார். காலையில் தின்ற ரொட்டியில் ஒரு துணுக்கை எடுத்து போர்டின் ஓரத்தில் வைப்பார். அது பொன்னிறமாக ஆரம்பித்ததும் காற்றுக் குழாயைப் பிராசஸருக்கு நேராகக் கொண்டுபோவார். வேலை முடிந்ததும் ரொட்டித் துணுக்கை வீணாக்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

இவருக்கும் பதூலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்போதோ ஒரு வாடிக்கையாளரிடம் பதூல், "அவரு கையில கொடுத்தா கணினியா திரும்பி வருமா, கரியா திரும்பி வருமான்னு சொல்ல முடியாது" என்று சொன்னது சந்து முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு. ஆனால் இரண்டு எட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்குப் பேச எவ்வளவோ இருக்குமே! அதற்கெல்லாம் நடுவில் நான்.

"டேய் ஹம்மூ, அந்தம்மாகிட்ட சொல்லு, ரேடியோவைக் குறைக்கச் சொல்லி."

"ஏம்ப்பா ஹம்மூ, அந்தாளுகிட்ட சொல்லு, அது ரேடியோ இல்ல, அவரு காது இரையுதுன்னு."

நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. என் பக்கம் திரும்பிச் சொன்னால் போதும், அது சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

பதூலிடம் ஒரு பழக்கம். விற்கும் ஒவ்வொரு கணினியிலிருந்தும், விற்பதற்கு முன்னால் அதன் பயாஸை நகல் எடுத்து வைத்துக்கொள்வாள். கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுகிற அந்தச் சின்ன ஃபர்ம்வேர், எட்டுக் கால் உள்ள ஒரு பொடிச் சில்லுக்குள் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிய மறுநாளே அதில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, மறந்து தொலைத்துவிட்டு, பதூலிடம் வந்து சண்டை போட்டான். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். ஜிலாலிக்கு இது பெரிய கேலிப்பொருள். "தலையில இருந்து உதிர்ற முடியைக்கூட எடுத்து வெச்சுக்குவாங்கபோல" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்.

போன கல்யாண சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் மஹ்ஜூபா வந்தார். ஐன் ஷொக் பக்கம் கஃப்தான் தைக்கும் கடை வைத்திருப்பவர். கல்யாணப் பெண்கள் போடும் நீள அங்கி, மார்பிலும் கையிலும் ஜரிகை வேலை. பூவேலையைக் கணினியில் வரைந்து தையல் இயந்திரத்துக்கு அனுப்புவார். கணினியோ ஒரு மாதுளம்பூவைத் திரையில் கொண்டுவருவதற்குள் தொழுகைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

"வேற வாங்கிடுங்களேன் லல்லா" என்றேன். மரியாதைப்பட்ட பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வாங்கலாம்ப்பா. ஆனா அந்தப் பூவேலை புரோகிராம் இந்த மெஷினோட அடையாள எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். வேற மெஷின்ல போட்டா திறக்காது. வித்தவன்கிட்ட கேக்கலாம்னா அவன் கம்பெனியை மூடிட்டுப் போய்ட்டான். என்னோட எல்லா டிசைனும் அதுக்குள்ளதான் இருக்கு."

இந்தக் கணினியை அவர் முன்பு வாங்கியது பதூலிடம். அதைச் சொன்னதும் ஜிலாலி மூக்கைச் சுளித்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"குதிரை லாயம்" என்றார்.

"தையல் கடை, மேஸ்திரி."

"பக்கத்துல லாயம் இருக்கும்."

இந்த மாடலின் தங்கை ஒன்று மறு வருடம் வந்தது, அதே போர்டுதான், ஆனால் அடுத்த தலைமுறை பிராசஸர். அது இதற்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட்டு, ஜிலாலி உடைந்த கணினிகளின் குவியலிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார்.

"போர்டு இதேதான் இருக்கும். மூளை மட்டும் மாறும். உங்க பூ, நீங்க கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பூத்துடும்."

"அடையாள எண்?"

"அது போர்டுல இருக்கிறது லல்லா. போர்டைத்தான் நாம மாத்தலையே!"

அடுத்த நாள் மஹ்ஜூபாவும் வந்திருந்தார். பிராசஸர் மாற்றுவது எங்கள் சந்தில் ஒரு திருவிழா. சிடி கடைக்காரன் பாட்டை நிறுத்துவான். சார்ஜர் விற்பவர்கள் வந்து நிற்பார்கள். பதூல் மட்டும் கடையை விட்டு வர மாட்டாள். ஆனால் அங்கிருந்தே எட்டிப் பார்ப்பாள்.

ஜிலாலி பிராசஸரின் நான்கு மூலையிலும் இருந்த கறுப்புப் பசையைச் சுரண்டி எடுத்தார். ஈயம் சீராக இளக ஃப்ளக்ஸ் பிசினைத் தடவினார். "பிஸ்மில்லா" என்று சூட்டை ஏற்றினார். ரொட்டித் துணுக்கு பழுத்தது. இடுக்கியின் நுனியால் பிராசஸரை ஒரு மயிரிழை தட்டிப் பார்த்தார். அது அசைந்து, தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது.

"பாத்தீங்களா? இளகிடுச்சு."

உறிஞ்சு பேனாவை வைத்துத் தூக்கினார். அது வந்தது. கூட்டம் மூச்சு விட்டது. அடியில் எறும்புப் புற்று போல வரிசை வரிசையாக வெள்ளிப் புள்ளிகள். அவற்றைத் துடைத்துச் சமப்படுத்தி, புதிய பிராசஸருக்கு உருண்டைகள் பதித்து, வைத்து, மறுபடி சூடு. இந்த முறை அது இளகித் தன் இடத்தில் உட்கார்ந்த விதம், களைத்துப்போன ஆள் சோபாவில் சாய்வது மாதிரி இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு கணம் அலுப்பதில்லை.

ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"எரிஞ்சிடுச்சா?" என்றான் சிடி கடைக்காரன்.

"உன் வாய்தான் எரியும். வேலை சுத்தமா இருக்குடா. பயாஸுக்கு இந்தப் புது ஆளைத் தெரியலை. அப்பார்ட்மென்ட் வாசல்ல வாட்ச்மேன் உக்காந்திருப்பான்ல? யார் யாரை உள்ளே விடணும்னு அவனுக்குச் சொல்லியிருப்பாங்க. சொல்லாத ஆளு, ராஜா வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்."

"அப்ப?"

"வாட்ச்மேனை மாத்தணும். தங்கை மாடலோட பயாஸை இதுல ஏத்திட்டா அவனுக்கு ரெண்டு பேரையும் தெரியும்."

தன் கணினியோடு ஒயரில் இணைந்த நீண்ட கிளிப்பை எடுத்து எட்டுக்கால் சில்லைக் கவ்வ வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது போன்ற நேரத்தில் ஜிலாலிக்குக் கையும் வாயும் சேர்ந்து ஓடும். சிடி கடைக்காரனை ஏசிக்கொண்டே பழையதை அழித்தார், இணையத்திலிருந்து இறக்கிய புதியதை ஏற்றினார், கிளிப்பை எடுத்தார், பொத்தானை அழுத்தினார்.

திரை ஒளிர்ந்தது.

சந்தே கைதட்டியது. யாரோ குலவை இட்டார்கள். ஜிலாலி குல்லாவைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "டேய் ஹம்மூ, அந்தம்மாகிட்ட கேளு, கரி எங்க இருக்குன்னு."

மஹ்ஜூபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பூவேலை புரோகிராமைத் தொட்டார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி தொட்டார். மறுபடியும் அதே பெட்டி: இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை.

ஜிலாலி பூதக்கண்ணாடியை ஏற்றினார், படிக்கிற கண்ணாடியை இறக்கினார். பயாஸ் பக்கத்துக்குள் போய் அடையாள எண்ணைப் பார்த்தார். அது தங்கை மாடலில் எந்த ஊரிலோ இருந்த வேறு ஏதோ கணினியின் எண். அந்த பயாஸை எடுத்துப் பரப்பியவனின் எண். மஹ்ஜூபாவின் கணினிக்கு உரிய எண் எட்டுக்கால் சில்லுக்குள்தான் இருந்திருக்கிறது. அழித்ததில் அதுவும் போய்விட்டது.

ஜிலாலி கூட்டத்தை, "போங்கப்பா, போய் வேலையைப் பாருங்க" என்று கலைத்தார். போர்டின் அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தார். தேய்ந்து வெள்ளையாக இருந்தது. இருந்திருந்தாலும் அதில் பாதி எண்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"லல்லா... நாளைக்கு வாங்களேன். சின்ன ஒரு..."

மஹ்ஜூபா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பழையதை எடுத்து வெச்சுருக்கீங்கல்ல மேஸ்திரி?"

ஜிலாலி குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மஹ்ஜூபா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் ஜிலாலிக்கும் சுலபமாக இருந்திருக்கும். திருப்பிச் சத்தம் போட்டிருப்பார். மஹ்ஜூபாவோ பையைத் திறந்து பாதி தைத்த ஒரு கஃப்தான் கையை எடுத்து மடியில் போட்டு, ஊசியில் ஜரிகையைக் கோர்த்தார்.

"இந்த சீசனுக்குக் கல்யாணப் பொண்ணுங்க வரிசையா நிக்கிறாங்க மேஸ்திரி. அளவு எடுத்தாச்சு, வாக்குக் கொடுத்தாச்சு. கடையில ரெண்டு பொண்ணுங்க என்னை நம்பி இருக்காங்க. கையால இதெல்லாம் தெச்சு முடியாது. நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க யோசிங்க."

அவ்வளவுதான். ஊசி ஏறி இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது.

ஜிலாலி நின்றார். உட்கார்ந்தார். இடுக்கியை எடுத்தார், வைத்தார். காதிலிருந்த புதினாவை எடுத்து மென்றார். எதிர்ப்பக்கம் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணினி எந்தக் கடையிலிருந்து போனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதிரே அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பதூலுக்கும் தெரியும்.

"டேய் ஹம்மூ..." என்று ஆரம்பித்தார் ஜிலாலி. பிறகு நிறுத்திக்கொண்டார். மேசையின் அரைவட்டத்திலிருந்து வயிற்றை உருவிக்கொண்டு வெளியே வந்து, இரண்டே எட்டில் எதிர்க்கடையின் முன்னால் போய் நின்றார்.

"பதூல்."

பதூல் என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா ஹம்மூ, யாரோ என் பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"நான்தான் சொன்னேன். காப்பி எடுக்காம அழிச்சுட்டேன்."

"என்னது? கேக்கலை. கூரை சத்தம்."

கூரை அமைதியாக இருந்தது. காற்றே இல்லை.

"காப்பி எடுக்காம அழிச்சுட்டேன்!" என்றார் ஜிலாலி. இந்த முறை டிவிக்காரர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். "அந்தப் பொம்பளை பொழப்பு போய்டும். உன்கிட்ட இருந்தா கொடு. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லு."

பதூல் பட்டாணித் தோலைக் கீழே வைத்துக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கேலிக்கு எதையோ தயார் செய்திருந்தாள். அவள் உதட்டில் அது வந்து நின்றதை நான் பார்த்தேன். மஹ்ஜூபாவின் மடியில் மின்னிய ஜரிகையைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

"உள்ள வா. குனிஞ்சு வா, தலையில இடிக்கும்."

அவள் கணினியில் நகல்கள் மலைபோல் இருந்தன. எண்ணும் தேதியும் போட்டு வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை. ஆளைப் பார்த்து மனதில் தோன்றியதைப் பெயராகப் போட்டிருந்தாள். 'இருமல்காரர்', 'மூன்று முறை பேரம்', 'செருப்பு நன்றாக இருந்தது', 'போலீஸ் மாதிரி ஆனால் இல்லை'. ஜிலாலி வாய்க்குள் சிரிப்பதைக் கேட்டு முழங்கையால் இடித்தாள்.

"லல்லா, வாங்க வந்த அன்னிக்கு என்ன போட்டிருந்தீங்க?" என்று கத்தினாள்.

"ஐயோ, யாருக்கு ஞாபகம் இருக்கு!"

"கூட யாராச்சும் வந்தாங்களா?"

"என் நாத்தனார் வந்தா. வழி நெடுக ஆரஞ்சுப் பழம் தின்னுக்கிட்டு..."

பதூல் திரையில் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள். 'தரையெல்லாம் ஆரஞ்சுத் தோல்' என்று ஒரு கோப்பு.

"துடைச்சவ நான்தானே, எப்படி மறப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்தில் யாரும் நம்பவில்லை. இரண்டு பேரும் ஒரே திரையின் முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ஜிலாலிக்கு ஈயம் தெரியும். எண்களும் எழுத்துகளுமாக ஓடுகிற பக்கம் அவருக்கு ஆகாது. பதூல் பழைய நகலிலிருந்து அடையாளம் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய பயாஸின் அதே இடத்தில் பொருத்தினாள்.

"மொத்தத்தையும் பழையதாவே போட்டுட்டா என்ன?" என்றார் ஜிலாலி.

"போட்டா பழைய வாட்ச்மேன் வந்து உக்காந்துக்குவான். நீதானே அவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணினே?"

"கேட்டுக்கிட்டிருந்தியா?"

"காது இரையாதவங்களுக்கு எல்லாம் கேக்கும்."

கிளிப்பைக் கவ்வ வைத்தது ஜிலாலி. அந்தக் கை எங்களைப் போன்ற ஆட்களுக்கு வராது. எட்டுக் கால்களும் ஒரே தடவையில் கவ்வின. ஏற்றி முடிந்ததும் பொத்தானை அழுத்த அவர் கை நீண்டது, பின்வாங்கியது. "லல்லா, நீங்களே அழுத்துங்க" என்றார்.

மஹ்ஜூபா அழுத்தினார். திரை வந்தது. பூவேலை புரோகிராமைத் தொட்டார். பெட்டி வரவில்லை. கருநீலப் பின்னணியில் மாதுளம்பூ ஒன்று, இதழும் தண்டும் நரம்புமாக, ஒரே மூச்சில் விரிந்து நின்றது. அவர் இன்னொன்றைத் திறந்தார். இன்னொன்றை. வேண்டுமென்றே எல்லாவற்றையும் திறந்தார். திறக்கத் திறக்க அவர் தோள் தளர்ந்து இறங்கியது. ஊசியைக் கஃப்தான் கையில் குத்தி நிறுத்திவிட்டு முகத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் துடைத்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர் கைக்கும் ஆண்டவன் சுகம் கொடுக்கட்டும்" என்றார்.

"ரெண்டு பேரா?" என்று பழைய குரலில் ஆரம்பித்த ஜிலாலியைப் பதூல் திரும்பிப் பார்த்தாள். அவர் இருமிக்கொண்டே தேநீர் சொல்லப் போனார்.

மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோச் சண்டை நடக்கிறது. இப்போது நேராகவே நடப்பதால் எனக்குத்தான் காது வலி கூடுதல். மத்தி வாசனையும் தொடர்கிறது.

நேற்று ஒரு கால்பந்து வர்ணனையாளர் வந்திருந்தார். அவருக்கும் பிராசஸர் மாற்ற வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜிலாலி, "பயப்படாதீங்க ஐயா, இந்தக் காஸாபிளாங்காவுல இந்த வேலைக்கு என்னை விட்டா ஆள் கிடையாது, நான் தூக்கத்துலயே செய்வேன்" என்று அளந்துகொண்டே கணினியைத் திறந்தார். காற்றுக் கருவியை அவர் இன்னும் தொடவில்லை. பேச்சை நிறுத்தாமலே கிளிப்பை எடுத்துச் சில்லைக் கவ்வ வைத்து, பயாஸை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார். வர்ணனையாளர் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு, பதூல் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், பென் டிரைவைப் பிடித்த இடது கையைச் சந்துக்குக் குறுக்கே நீட்டினார்.